ஆகிர்தக் கன்னியும் தேம்பாவணியும்

நான்கு நற்செய்தி நூல்களிலும் சூசையப்பர் ஒரு சொல்லேனும் பேசியதாகக் குறிப்பில்லை. அவர் நேர்மையாளர் என்று மத்தேயு கூறுகிறார். கனவில் வானவர் சொன்னதைக் கேட்டு எழுந்து நடந்தார் என்கிறார். இயேசு பன்னிரண்டு வயதுச் சிறுவராய் எருசலேம் ஆலயத்தில் இருந்த நிகழ்ச்சிக்குப் பின் சூசையப்பரைப் பற்றிய செய்தியே இல்லை. அவர் எப்போது பிறந்தார், எப்படி வளர்ந்தார், எவ்வாறு இறந்தார் என்பவற்றை விவிலியம் சொல்லாமல் விட்டுவிட்டது. இவ்வாறு பேசாது நின்ற ஒருவரைத் தலைவராகக் கொண்டு மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் உடைய பெருங்காப்பியம் ஒன்று தமிழில் எழுந்தது. வீரமாமுனிவர் 1726ஆம் ஆண்டில் இயற்றிய தேம்பாவணியே அது.

விவிலியம் தராத கதையை முனிவர் எங்கிருந்து பெற்றார் என்னும் வினா இயல்பாகவே எழும். கற்பனை என்று விடை கூறி அமைதல் எளிது. ஆனால் அவ்விடை முழுமையானதன்று. தேம்பாவணிக்கு ஆதாரமாக நின்ற நூல் ஒன்று உண்டு என்பதும், அது ஸ்பெயின் நாட்டில் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு கன்னித் துறவி எழுதிய 'மறைபொருளான தேவ நகரம்' என்பதும் தேம்பாவணியை ஆராய்ந்த அறிஞர் ஏற்றுக்கொண்ட செய்தி. தமிழில் அவரை ஆகிர்த நகர் மரியாள் என்பர். காப்பியத்தைப் பற்றிய நூல்களில் பெரும்பாலும் ஒரு வரியில் வந்து மறைவது அவர் பெயர். அவ்வொரு வரிக்குப் பின்னால் இருக்கும் வாழ்வும் எழுத்தும் தமிழ்க் கவிஞர் அறிந்துகொள்ளத்தக்கவை.

மடமாக மாறிய வீடு

வட ஸ்பெயினில், கஸ்தீலியாவும் அரகோனும் எல்லை கலக்கும் இடத்தில் உள்ள சிறு நகரம் ஆகிரேதா. அங்கே பிரான்சிஸ்கோ கொரோனெல், கத்தலீனா தே அரானா என்னும் பெற்றோருக்கு 1602ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் மரியா பிறந்தார். மரியாவின் இளமையில் அக்குடும்பத்தில் நிகழ்ந்தது வியப்பானது. தாய் தம் வீட்டையே கன்னியர் மடமாக மாற்றத் துணிந்தார். தாயும் மகளிரும் அம்மடத்திலேயே துறவு பூண்டனர். தந்தையும் மைந்தரும் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தனர். ஒரு குடும்பம் முழுதும் துறவு மேற்கொள்ள, மரியா தாம் வளர்ந்த வீட்டிலேயே துறவியானார். அம்மடம் அமலோற்பவ சபையைச் சேர்ந்தது. நீல மேலாடை அச்சபைக் கன்னியரின் அடையாளம். 1620இல் வார்த்தைப்பாடு கொடுத்த மரியா 1627இல், இருபத்தைந்து வயதில், மடத்துத் தலைவியானார். இடையில் ஒரு சிறு காலம் நீங்கலாக இறுதிவரை அப்பொறுப்பில் இருந்தார்.

அவர் ஆகிரேதாவைக் கடந்து வெளியே சென்றவரல்லர். ஆயினும் அவர் பெயர் கடல் கடந்தது. புதிய மெக்சிகோ நாட்டில் கூமானோ என்னும் பழங்குடியினர், நீல ஆடை அணிந்த இளம்பெண் ஒருத்தி தங்களிடம் வந்து சமயம் போதித்ததாகப் பிரான்சிஸ்கன் துறவிகளிடம் கூறினர் என்றொரு செய்தி 1630ஐ ஒட்டிப் பரவிற்று. அந்நாட்டுப் பணியில் இருந்த அலோன்சோ தே பெனாவிதேஸ் என்னும் துறவி 1631இல் ஆகிரேதாவுக்கே வந்து மரியாவைக் கண்டார். நீல ஆடைப் பெண் இவரே என்று முடிவு செய்தார். பின்னர் இதுபற்றி வினவப்பட்டபோது, அன்று தாம் இளையவர் என்றும், உடனிருந்தோர் மிகைப்படுத்தியவை பல என்றும் மரியா விளக்கம் எழுதினார். தம்மைப் பற்றி எழுந்த புகழை அடக்கிச் சொல்லும் இத்தன்மை அவரை மதிப்பிடும்போது மறக்கத்தக்கதன்று.

1643இல் ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப் போர்க்களத்துக்குச் செல்லும் வழியில் அம்மடத்திற்கு வந்தார். அன்று தொடங்கிய பழக்கம் இருபத்திரண்டு ஆண்டுகள் மடல்களாகத் தொடர்ந்தது. மன்னர் தாளின் ஒரு பாதியில் எழுதி மறுபாதியை வெறுமையாக விட்டு அனுப்புவார். துறவி அவ்வெறும் பாதியில் மறுமொழி எழுதித் திருப்பி அனுப்புவார். அறுநூறுக்கு மேற்பட்ட மடல்கள் இவ்வாறு எழுந்தன. ஆட்சியைப் பிறர் கையில் விடாது தாமே நடத்துமாறும், வரிச்சுமையால் வாடும் ஏழையரை நினைக்குமாறும் அம்மடல்களில் துறவி இடித்துரைக்கிறார். 1665 மே 24இல் மரியா மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மன்னரும் மறைந்தார்.

தீயில் இட்டதும் மீண்டும் எழுதியதும்

மரியா தேவ நகரத்தை 1637இல் எழுதத் தொடங்கினார். தேவதாயின் வாழ்க்கையை எழுதுமாறு தமக்குள் கட்டளை பிறந்ததாகவும், தகுதியின்மையை எண்ணிப் பல ஆண்டுகள் தயங்கியதாகவும் அவரே முன்னுரையில் சொல்கிறார். அவர் தயக்கத்திற்குக் காரணம் பணிவு மட்டுமன்று. பெண் திருச்சபையில் போதிக்கலாகாது என்பது அக்காலத்து நெறி. அகக்காட்சி கண்டதாகச் சொல்லும் பெண்களைச் சமய விசாரணை மன்றம் ஐயத்தோடு நோக்கிய காலம் அது. தவறான ஒரு சொல் எழுதியவரையே அழிக்கக்கூடும்.

அவருடைய ஆன்ம குருவாகிய பிரான்சிஸ்கோ அந்திரேஸ் தே லா தோர்ரே எழுதுமாறு ஊக்கினார். அவர் ஊரில் இல்லாதபோது அவ்விடத்தில் இருந்த முதிய குரு ஒருவர், பெண்கள் இவ்வகை நூல் எழுதுதல் தகாது என்று கூறி ஏட்டை எரிக்கும்படி பணித்தார். மரியா பணிந்து எரித்தார். திரும்பி வந்த தோர்ரே மீண்டும் எழுதுமாறு கட்டளையிட்டார். அவர் 1647இல் மறைந்தார். முன்பு எரிக்கச் சொன்னவரே மீண்டும் ஆன்ம குருவாக வர, எழுத்துகள் மறுபடியும் தீயிடப்பட்டன. இதற்கிடையே 1650இன் தொடக்கத்தில் விசாரணை மன்றத்தார் மடத்திற்கே வந்து நோயுற்றிருந்த மரியாவிடம் பல நாள் வினா எழுப்பினர். அவர் தந்த விடைகளில் குற்றம் காணாது திரும்பினர். பின்னர் வந்த ஆன்ம குரு அந்திரேஸ் தே புவென்மயோர் ஆணைப்படி 1655இல் மறுமுறை எழுதத் தொடங்கி 1660இல் முடித்தார். நமக்குக் கிடைப்பது இவ்விரண்டாம் வடிவமே. அவர் கையெழுத்துப்படி ஆகிரேதா மடத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது. முதல் வடிவத்தின் படி ஒன்று மன்னரிடம் இருந்ததால் தீக்குத் தப்பியது.

எரி என்றபோது எரித்தார். எழுது என்றபோது எழுதினார். இதனைக் கீழ்ப்படிதல் என்று மட்டும் கூறி முடித்தல் போதாது. எரித்த பின்னும் எழுதத்தக்க அளவுக்கு அந்நூல் அவர் உள்ளத்தில் நிலைபெற்றிருந்தது. ஏட்டை அழிக்க முடிந்தவர்களால் நூலை அழிக்க முடியவில்லை. அனல்வாதத்தில் இட்ட ஏடு வேகாதிருந்தது என்று சைவர் சொல்லும் வரலாறு தமிழர் அறிந்தது. ஆகிரேதாவில் ஏடு வெந்தது. ஆயினும் நூல் பிழைத்தது.

மரியா மறைந்த ஐந்தாம் ஆண்டில், 1670இல், நூல் மத்ரித் நகரில் அச்சேறியது. எதிர்ப்பு ஓயவில்லை. 1681இல் உரோமையில் தடை நூற்பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஸ்பெயின் அரசின் வேண்டுகோளால் திருத்தந்தை பதினொன்றாம் இன்னொசெந்து சில மாதங்களில் அத்தடையை ஸ்பெயின் அளவில் நிறுத்தி வைத்தார். 1696இல் பாரிஸ் நகரத்துச் சோர்போன் இறையியலார் அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைக் கண்டித்தனர். ஆயர் பொசுவே கடுமையாகச் சாடினார். எனினும் ஸ்பெயின் மொழி வழங்கிய நாடுகளிலெல்லாம் நூல் பரவிற்று. கலிபோர்னியாவில் பணியாற்றிய கூனிப்பெரோ செர்ரா அதனைப் போற்றிப் பயின்றவர். மறுபுறம், வெனிஸ் சிறையில் 1755இல் அடைபட்ட கசனோவா தமக்குப் படிக்கத் தரப்பட்ட அந்நூலை எள்ளி நகையாடி எழுதினார். போற்றியவரும் தூற்றியவரும் ஒருசேரப் படித்த நூல் அது. ஆசிரியருக்கு 'வணக்கத்திற்குரியவர்' என்னும் நிலை பதினேழாம் நூற்றாண்டிலேயே கிடைத்தது. அதற்குமேல் புனிதர் பட்டம் நோக்கிய படிகள் இன்றுவரை கடக்கப்படவில்லை.

அகக்காட்சியின் இயல்பு

நூலின் தலைப்பில் உள்ள நகரம் ஊரன்று. அது தேவதாயையே குறிக்கும். திருவெளிப்பாட்டு நூலின் இருபத்தோராம் அதிகாரத்தில் விண்ணிலிருந்து இறங்கும் புதிய எருசலேம் வருகிறது. பன்னிரண்டாம் அதிகாரத்தில் கதிரவனை ஆடையாகத் தரித்த பெண் வருகிறாள். இவ்விரண்டையும் மரியா தேவதாயின் உருவகமாகக் கொண்டு விளக்குகிறார். இறைவன் வந்து தங்கிய உடலே இறைவனின் நகரம் என்பது கருத்து. மூன்று பாகங்களும் எட்டுப் புத்தகங்களுமாக அமைந்த நூல், தேவதாய் கருவில் உருவானது முதல் விண்ணேறியது வரை செல்கிறது. அவர் பாவமாசின்றிக் கருவானார் என்னும் அமலோற்பவக் கொள்கை நூலின் உயிர்நாடி. அக்கொள்கை திருச்சபையின் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டது 1854இல்தான். மரியா எழுதியபோது அது இறையியலார் வழக்காடிய பொருளாக இருந்தது. சோர்போன் எதிர்ப்பின் வேர்களில் இதுவும் ஒன்று.

அவர் கண்டது எவ்வகைக் காட்சி? ஊனக் கண்ணால் கண்டதாக அவர் பெரும்பாலும் கூறவில்லை. அறிவின்மேல் ஓர் ஒளி படர, அவ்வொளியில் நிகழ்ச்சிகள் தெரிந்தன என்கிறார். ஒளி கூடும்போது தெளிவு கூடும். குறையும்போது சொல் தடுமாறும். கண்டதை உரைக்கச் சொல் போதவில்லை என்று அவர் பலகாலும் வருந்துகிறார். தமிழ் மரபில் பயின்றவருக்கு இது அயலானதாகத் தோன்றாது. கடல்மல்லையாகிய மாமல்லபுரத்தில் தோன்றிய பூதத்தாழ்வார் உள்ளத்துள் விளக்கேற்றி இறைவனைக் கண்டவர் என்று வைணவம் போற்றுகிறது. சமயமும் கொள்கையும் வேறு. ஆயினும் உள்ளே ஏற்றிய ஒளியில் காண்பது என்னும் நிலை இரண்டிற்கும் பொது.

ஒவ்வோர் அதிகாரத்தின் இறுதியிலும் பெரும்பாலும் 'விண்ணக அரசியின் அறிவுரை' என ஒரு பகுதி வரும். தேவதாய் தம் மகளை விளித்துப் பேசும் முறையில் அது அமையும். கதை முன்னே நடக்க, கதையின் தலைவியே பின்னால் நின்று ஒரு பெண்ணுக்கு நெறி சொல்கிறார். பெண் போதிக்கலாகாது என்ற உலகில், போதிப்பவரும் கேட்பவரும் பெண்களாகவே அமைந்த நூல் இது.

மரியாவின் காட்சிகள் வெற்றிடத்தில் எழுந்தவை அல்ல. யாக்கோபு பெயரால் வழங்கும் பழைய முதல் நற்செய்தி முதலாகத் திருச்சபையில் வழங்கிவந்த மரபுக் கதைகளும், துன்ஸ் ஸ்கோத்துஸ் வழிவந்த பிரான்சிஸ்கன் இறையியலும் அவற்றுள் கலந்துள்ளன. மறைஞானியரும் தம் காலத்து மொழியிலேயே காண்கின்றனர்.

காவேரிக் கரைக்கு வந்த கதை

கொன்ஸ்தான்சோ ஜூசெப்பே பெஸ்கி 1680 நவம்பர் 8ஆம் நாள் இத்தாலியில் காஸ்திகிளியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710இல் கோவாவை அடைந்து மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்தார். ஜூசெப்பே என்பது சூசை என்னும் பெயரின் இத்தாலிய வடிவம் என்பது கருதத்தக்கது. தம் பெயருக்குரிய புனிதரையே அவர் காப்பியத் தலைவராக்கினார். கொன்ஸ்தான்சோ என்பதன் பொருளைத் தமிழாக்கித் தைரியநாதர் ஆனவர், சூசை என்பதன் பொருளைத் தமிழாக்கி வளன் என்றார். யோவானைக் கருணையன் என்றார். ஒலியைப் பெயர்க்காது பொருளைப் பெயர்த்த இம்முறையே காப்பியம் முழுவதற்கும் அவர் கொண்ட நெறி எனலாம்.

தேவ நகரத்தின் தலைவி தேவதாய். தேம்பாவணியின் தலைவர் வளன். இதுவே முனிவர் செய்த முதல் மாற்றம், பெருமாற்றமும் அதுவே. மரியாவின் நூலில் அங்கங்கே வரும் சூசையப்பர் செய்திகளைத் திரட்டி நடுவே நிறுத்தினார். சூசையப்பர் பன்னிரண்டு வயதிலேயே கற்பு நெறிக்கு உறுதி பூண்டார், முப்பத்து மூன்று வயதில் மணந்தார், இருபத்தேழு ஆண்டுகள் தேவதாயோடு இல்லறத்தில் வாழ்ந்து அறுபதைக் கடந்த சில நாள்களில் மறைந்தார் என்று மரியா வயதுக் கணக்கோடு சொல்கிறார். மனைவி கருவுற்றது கண்டு சூசையப்பர் கொண்ட மனக்கலக்கத்தை மத்தேயு இரண்டொரு வரிகளில் முடிக்கிறார். மரியா அதைப் பல அதிகாரங்களாக விரிக்கிறார். எகிப்துக்கு ஓடிப்போன வாழ்வையும், நெடுநோயையும், இயேசுவும் தாயும் அருகிருக்க நிகழ்ந்த இறப்பையும் அவ்வாறே விரிக்கிறார். இவை காப்பியப் புலவருக்குக் கிடைத்த கருவூலம். கதை என்னும் எலும்புக்கூடு அங்கே கிடைத்தது. உயிரும் உடலும் தமிழ் தந்தது.

நாட்டுப் படலம், நகரப் படலம் எனத் தொடங்கி, வளனுக்கு விண்ணில் முடிசூட்டுவதோடு காப்பியம் முடிகிறது. சீவக சிந்தாமணியும் கம்பராமாயணமும் வகுத்த தடம் இது. யூதேய நாடு நீர்வளம் பொங்கும் மருதமாகத் தமிழில் மாறியது. ஆகிரேதா வறண்ட மேட்டு நிலத்தில் உள்ள நகரம். தேவ நகரத்தில் நிலக்காட்சிக்கு இடம் குறைவு. அங்கே கண் உள்நோக்கியே நிற்கிறது. தேம்பாவணியிலோ வயலும் வாவியும் சோலையும் பாடுகின்றன. உள்ளே கண்டதை வெளியே பரப்பிக் காட்டியது தமிழ்க் காப்பிய மரபின் செயல்.

பள்ளிப் பாடத்தில் ஒரு துறவியின் காட்சி

இந்த உறவை அறிய மிக நல்ல எடுத்துக்காட்டு, தமிழகப் பத்தாம் வகுப்பு மாணவர் பயிலும் பகுதியிலேயே கிடைக்கிறது. கருணையன் தன் தாய் எலிசபெத்தோடு கானகத்தில் வாழ்கிறான். தாய் இறக்கிறாள். அடக்கம் செய்தபின் சிறுவன் புலம்புகிறான். அவன் துயரில் மரமும் மலரும் பறவையும் பங்கு கொள்கின்றன. தேம்பாவணியின் நெஞ்சை உருக்கும் பகுதிகளுள் இது ஒன்று.

விவிலியத்தில் இக்காட்சி இல்லை. திருமுழுக்கு யோவான் தம்மை வெளிப்படுத்தும் நாள்வரை பாலைநிலத்தில் இருந்தார் என்று லூக்கா ஒரு வரி சொல்கிறார், அவ்வளவே. ஏரோதுக்கு அஞ்சி எலிசபெத்து குழந்தையோடு மலைக்கு ஓடினாள் என்பது பழைய மரபுக் கதை. ஆகிரேதா மரியா அதை வளர்த்தார். குகையில் தாயும் மகனும் தனித்து வாழ்ந்ததையும், தேவதாய் வானவர் வழியே அவர்களுக்கு உணவு அனுப்பியதையும், மிக இளம் வயதிலேயே யோவான் தாயை இழந்ததையும் தம் காட்சியாக எழுதினார். அங்கே துயர் சுருக்கமானது. அருளின் ஏற்பாடே பெரிது. தமிழில் அவ்விடத்தைத் துயரே நிரப்புகிறது. கையறுநிலை என்னும் துறையைப் புறப்பாடல் காலம் முதல் கைக்கொண்ட மொழி, தாயை இழந்த பிள்ளை வாய்திறவாது நிற்க விடவில்லை.

ஆகப் பாடநூலில் கருணையனின் புலம்பலைப் படித்துக் கலங்கும் மாணவர், ஸ்பெயின் நாட்டுச் சிற்றூர் மடத்தில் ஒரு பெண் கண்ட காட்சியைத் தமிழ் வழியாகத் தாமும் காண்கின்றனர். பெண் போதிக்கலாகாது என்று சொல்லி எரிக்கப்பட்ட எழுத்திலிருந்து வந்த பகுதி, ஆண்டுதோறும் பல இலட்சம் பிள்ளைகளுக்குப் பாடமாயிற்று. வரலாறு செய்யும் நீதி சில வேளைகளில் இவ்வாறு சுற்றி வருகிறது.

முதனூலை அறிவது வழிநூலின் பெருமையைக் குறைக்கும் என்று சிலர் அஞ்சலாம். அவ்வச்சம் வேண்டாதது. வான்மீகியை அறிந்தவரே கம்பர் எங்கே விலகினார், எங்கே உயர்ந்தார் என்பதை நுணுகிக் காண்கின்றனர். தம் கதைக்கு முன்னோர் உண்டென்று கூறக் கம்பர் நாணவில்லை. மரியாவை அறியாதவர் தேம்பாவணியின் கதை முழுவதையும் முனிவரின் கற்பனை என்று புகழ்வர். அறிந்தவர், பெற்ற கதையை அவர் எவ்வாறு தமிழாக்கினார் என்று புகழ்வர். பின்னதே மெய்யான புகழ்.

முனிவர் கைவிட்ட ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். தேவ நகரத்தில் 'நான்' என்னும் குரல் ஓயாது ஒலிக்கிறது. தயங்கும் குரல், அஞ்சும் குரல், தாயிடம் அறிவுரை கேட்கும் குரல் அது. காப்பியத்தில் அக்குரலுக்கு இடமில்லை. பெண் துறவிக்குத் தனிமையில் உரைத்த நெறி, அவையில் உரைக்கும் அறமாகிவிட்டது. காப்பிய இலக்கணம் அதைக் கேட்டது என்பது உண்மை. ஆயினும் அந்த இழப்பும் உண்மை.

தொண்டை நாட்டுக் கரை

தேம்பாவணி பிறந்தது காவேரி, கொள்ளிடம் பாயும் நாட்டில். ஆனால் அது உலகறியத் தொண்டை நாடு துணைநின்றது. காப்பியம் முற்றுப்பெற்ற 1726ஐ ஒட்டி இக்கரையின் நிலை எண்ணிப் பார்க்கத்தக்கது. மயிலையில் போர்த்துகீசியர் வழிவந்த மறைமாவட்டம் 1606 முதல் இருந்தது. சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் இருந்தனர். கோவளத்தில் ஆஸ்டெண்டு வணிகக் குழுமத்தின் பண்டசாலை இருந்தது. மாமல்லபுரத்திற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் சீர்திருத்த சபையினரான டச்சுக்காரர் இருந்தனர். இக்கரையில் ஐரோப்பாவின் சமயப் பிணக்குகள் அனைத்தும் வரிசையாக நின்றன. விவிலியம் ஒன்றே ஆதாரம் என்பார்க்கு மரியாவின் காட்சிகள் ஏற்புடையன அல்ல. கத்தோலிக்கருள்ளும் அந்நூல் பிணக்குக்கு உரியதே. அத்தகைய நூலைக் காப்பியப் பொருளாக எடுத்தது முனிவரின் துணிவு.

முனிவர் 1747இல் மறைந்தார். அவர் ஏடுகள் சிதறாமல் காக்கப்பட்டதில் சென்னைக் கல்விச்சங்கத்தைச் சார்ந்தவர்களுக்குப் பங்குண்டு. தொண்டை மண்டலத்து மிராசு உரிமையை ஆராய்ந்து எழுதிய எல்லிசு துரை, முனிவர் நூல்களைத் தேடித் தொகுக்க முத்துசாமிப் பிள்ளையை ஏவினார். எல்லிசு 1819இல் மறைந்தபின், 1822இல் பிள்ளை முனிவரின் வரலாற்றை எழுதினார். அதன் ஆங்கில வடிவம் 1840இல் வெளிவந்தது. அதே 1822இல் பெஞ்சமின் கை பாபிங்டன், முனிவரின் பரமார்த்த குரு கதையையும் செந்தமிழ் இலக்கணத்தையும் ஆங்கிலமாக்கி வெளியிட்டார். இந்தப் பாபிங்டனே மாமல்லபுரத்துச் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் ஆராய்ந்து எழுதியவர். அக்கட்டுரை 1830இல் அச்சானது. பல்லவ கிரந்த எழுத்துகளைப் பிற்கால எழுத்துகளோடு ஒப்பிட்டுப் படித்த முன்னோடி முயற்சிகளுள் அது ஒன்று. பின்னாளில் மருத்துவராகித் தொண்டையின் உட்புறத்தை நோக்கும் கண்ணாடிக் கருவி ஒன்றையும் 1829இல் அறிமுகம் செய்தவர் அவர். பாறையில் மறைந்த எழுத்தையும், ஏட்டில் மறைந்த நூலையும், உடலில் மறைந்த உறுப்பையும் காண முயன்ற அவர் வாழ்வில், கடல்மல்லையும் வீரமாமுனிவரும் அருகருகே நின்றது இக்கரைக்குப் பெருமை. தேம்பாவணி முழுமையாக அச்சேறியது 1851 முதல் 1853 வரை புதுவை மறைப்பணி அச்சகத்தில்.

மரியாவின் நூல் எந்தத் தாயைப் பாடியதோ அத்தாயின் வழிபாடு இக்கரையில் வேரூன்றியுள்ளது. கோவளத்தில் ஜான் டி மான்டி என்னும் வணிகர் 1808இல் கட்டிய ஆலயம் கார்மேல் அன்னைக்குரியது. கார்மேல் சபையைச் சீர்திருத்திய அவிலா நகர்த் தெரேசாள், ஆகிரேதா மரியாவுக்கு முந்திய தலைமுறை ஸ்பெயின் மறைஞானி. அவரும் ஆன்ம குருவின் ஆணைக்குப் பணிந்தே எழுதியவர். 1970இல் திருச்சபை அவருக்கு மறைவல்லுநர் பட்டம் தந்து, போதிக்கும் உரிமையை உலகறிய ஒப்புக்கொண்டது. அச்சிறுபாக்கத்து மழை மலை மாதா திருத்தலம் செங்கல்பட்டு மறைமாவட்டத்தின் எல்லைக்குள் அடங்கும். அம்மறைமாவட்டம் 2002இல் அமைந்தது. இத்தலங்களுக்கு நடந்து செல்லும் எளிய மக்கள் மரியாவின் பெயரை அறியார். ஆயினும் மாசற்ற தாய், அரசியாகிய தாய், ஏழைக்கு அறிவுரை கூறும் தாய் என்று அவர்கள் வணங்கும் உருவத்தைத் தீட்டிய கைகளுள் அவர் கையும் ஒன்று.

தொண்டை நாட்டுக்கு இது புதிதன்று. காரைக்காலில் பிறந்த அம்மையார் அழகுடைய உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்று, இந்நாட்டுத் திருவாலங்காட்டில் இறைவன் திருவடிக்கீழ் அமர்ந்தார் என்பது வரலாறு. அவர் பாடல்கள் பதினோராந் திருமுறையில் அவர் பெயராலேயே நிற்கின்றன. ஆண்டாளின் பாசுரங்கள் நாலாயிரத்தில் அவர் பெயராலேயே நிற்கின்றன. இறைவனைக் கண்ட பெண்ணின் சொல்லைத் தமிழ் மரபு பெயரோடு போற்றிக் காத்தது. அம்மரபுக்கு உரியவர்கள் ஆகிர்தக் கன்னியின் பெயரையும் தேம்பாவணியின் பக்கத்தில் எழுதுதல் முறை. அது முனிவருக்குக் குறை சேர்ப்பதன்று. வாடாத அணி என்றும் தேன் போன்ற பாக்களாலான அணி என்றும் பொருள் கொள்ளப்படும் அம்மாலையில், நாரும் கைத்திறனும் தமிழ்ப் புலவருடையவை. மலர்களுட் பல, இருமுறை தீக்கண்ட ஒரு தோட்டத்தில் பூத்தவை.